லெபனான் பந்தியும் நாம் இழந்த பெயர்களும்

தலைநகரில் வாழும் தமிழ்க் குடும்பங்களின்மீது அண்மைக் காலமாக ஒரு குற்றச்சாட்டு எழுந்துள்ளது. சங்கக் கூட்டம் முடிந்து காப்பி அருந்தும் வேளையிலும், கோயிலில் பிரசாதத்திற்காக வரிசையில் நிற்கும் வேளையிலும் பெரியவர்கள் சிலர் மனம் நொந்து அதனைச் சொல்லக் கேட்கிறோம். "ஞாயிற்றுக்கிழமையென்றால் நம் வீடுகளில் அடுப்பு எரிவதில்லை. பிள்ளைகள் பத்து மணிக்கு எழுகிறார்கள். பதினொரு மணிக்கு ஏதோ ஓர் அரபு நாட்டு உணவகத்திற்குப் பெற்றோரை இழுத்துச் செல்கிறார்கள். இட்லியை மறந்தவன் நாளை தமிழை மறப்பான்" என்பது அவர்கள் வாதம்.

இவ்வாதத்தை நாம் மறுக்கிறோம். குற்றமே இல்லை என்று சொல்ல வரவில்லை. குற்றம் இருக்கிறது, அது பெரியவர்கள் விரல் நீட்டும் இடத்தில் இல்லை. அயலார் பந்தியில் நாம் அமர்வதால் நம் பண்பாடு கெடுவதில்லை. அந்தப் பந்தியில் அமர்ந்தும் அங்குக் கற்க வேண்டியதைக் கல்லாமல், வாயைத் துடைத்துக்கொண்டு வந்துவிடுகிறோமே, அதனால்தான் கெடுகிறது. இக்கட்டுரையின் கருத்து இவ்வளவே.

முதலில் அந்தப் பந்தி எத்தகையது என்று காண்போம். காணாமலே கடிந்துரைப்பது அறிவுடைமையாகாது.

தில்லியில் இன்று லெபனான் நாட்டு உணவளிக்கும் உணவகங்கள் சில உள்ளன. அவற்றுள் ஒன்றிற்கு, அலுவலக நண்பர் ஒருவர் குடும்பத்தோடு நாமும் ஒரு ஞாயிறன்று சென்றிருந்தோம். செலவு சிறிதன்று, நம் போன்ற எழுத்தர் குடும்பத்தின் ஒரு வாரக் காய்கறிச் செலவு அங்கு ஒரு வேளையில் கரைந்துவிடும். ஆகவே அது ஆண்டிற்கு ஒரு முறை நிகழத்தக்கதேயன்றி வாரந்தோறும் நிகழத்தக்கதன்று. சுவரெல்லாம் நீலமும் மஞ்சளுமான ஓடுகள். கூரையிலிருந்து வண்ணக் கண்ணாடித் துண்டுகள் பதித்த விளக்குகள். ஒவ்வொரு நாற்காலியும் ஒவ்வொரு நிறம். கொலுப்படியை நினைவூட்டும் காட்சி அது.

ஆயினும் சுவரை விஞ்சிய வண்ணம் மேசையில் இருந்தது. சிறு சிறு தட்டுகளில் பல பண்டங்களைப் பரப்பி, எல்லோரும் பகிர்ந்துண்பது அந்நாட்டு வழக்கம்; அதனை 'மெஸ்ஸே' என்பர். கொத்துமல்லியை ஒத்த ஒரு தழையைப் பொடியாக அரிந்து, உடைத்த கோதுமையும் தக்காளியும் எலுமிச்சைச் சாறும் கலந்த பச்சை நிறத் 'தபூலே'. மணல் நிறத்தில் மசித்து, நடுவே குழி செய்து எண்ணெய் வார்த்த 'ஹும்முஸ்'. சுட்ட கத்தரிக்காயைத் தோலுரித்து மசித்த 'முதப்பல்'. பீட்ரூட் சேர்த்து ஊறவைத்ததனால் இளஞ்சிவப்பேறிய டர்னிப் ஊறுகாய். தண்ணீரை வடித்துக் கட்டியாக்கிய தயிராகிய 'லப்னே'. காட்டு மூலிகையோடு எள்ளும், 'சுமாக்' எனப்படும் புளிப்புள்ள சிவந்த கனியின் பொடியும் கலந்து, அக்கலவையை ஒலிவ எண்ணெயில் குழைத்து மாவின்மேல் பூசிச் சுட்ட 'மனாகீஷ்'. இம்மனாகீஷே அந்நாட்டு மக்களின் அன்றாடக் காலையுணவு. நம் தெருமுனையில் இட்லிக்கடை எப்படியோ, பெய்ரூட் நகரத் தெருமுனையில் இதனைச் சுடும் அடுப்பு அப்படி.

இவற்றுள் நமக்கு முற்றிலும் அந்நியமானது எது? கொண்டைக்கடலை நாம் அறியாததா? சுட்ட கத்தரிக்காய் நம் வீடுகளில் கொத்சாகவும் துவையலாகவும் ஆவதில்லையா? எள்ளை அவர்கள் அரைத்து விழுதாக்குகிறார்கள். நாம் ஆட்டி எண்ணெயாக்குகிறோம். எள்ளின் நெய் என்பதே எண்ணெய் என்று ஆயிற்று. ஓர் இனம் தான் உண்ணும் எல்லா எண்ணெய்க்கும் எள்ளின் பெயரையே இட்டு வழங்குமாயின், எள் மணக்கும் பந்தியில் அமர்ந்து தன்னை அந்நியனாக உணர வேண்டுவதில்லை. 'ஃபத்தூஷ்' என்றொரு பண்டமும் வந்தது. பழைய ரொட்டியை வீணாக்காமல் வறுத்து முறித்துக் காய்களோடு கலந்தது அது. மீந்த இட்லியை உதிர்த்து உப்புமாச் செய்த நம் பாட்டியர் அதனைக் கண்டால் நகைக்கமாட்டார்கள், பாராட்டியே இருப்பார்கள்.

நேரங்கெட்ட நேரத்து உணவு என்று குறை சொல்வார்க்கும் விடை உண்டு. காலையுணவையும் நண்பகலுணவையும் குறிக்கும் இரண்டு ஆங்கிலச் சொற்களின் தலையையும் வாலையும் ஒட்டி, 'பிரஞ்ச்' என்னும் சொல்லை 1895இல் இங்கிலாந்தில் ஓர் எழுத்தாளர் பரப்பினார். சொல்தான் அவருடையது, பழக்கம் நம்முடையது. காலை ஒன்பதரைக்கும் பத்துக்கும் இடையே சாம்பார், ரசம், மோரென்று முழுச் சாப்பாட்டை முடித்து அலுவலகம் சென்று, பிற்பகல் மூன்று மணிக்குச் சிற்றுண்டி கொண்டவர்கள் நம் தந்தையரும் பாட்டன்மாரும். அதற்கு வண்ண விளக்கு இல்லை, பெயரும் இல்லை. ஆகையால் நாம் அதனை நாகரிகமென்று கருதவில்லை.

அரபு நாட்டுப் பண்டம் நம் பண்பாட்டைக் கெடுக்கும் என்று அஞ்சும் பெரியவர்களிடம் பணிவோடு ஒன்று கேட்க விரும்புகிறோம். தாங்கள் இவ்வாதத்தைச் சொல்லும்போது கையில் ஏந்தியிருக்கும் காப்பி எங்கிருந்து வந்தது? 'கஹ்வா' என்னும் அரபுச் சொல்லே பல மொழிகளின் வழியே உருமாறி நம்மிடம் காப்பியாயிற்று. யேமன் நாட்டு மக்கள் பருகிய பானம் அது. தாமிரபரணித் தண்ணீரின் சுவையென்று நாம் பெருமை பேசும் திருநெல்வேலி அல்வாவின் பெயர் எம்மொழி? இனிப்பு என்னும் பொருளுடைய அரபுச் சொல்லே அது. மிளகாயும் தக்காளியும் உருளைக்கிழங்கும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து கப்பலேறி வந்தவை. இவற்றையெல்லாம் விலக்கிவிட்டு ஒரு நாள் சமைத்துப் பார்த்தால், தூய்மை வாதம் எவ்வளவு உப்புச் சப்பற்றது என்பது விளங்கும். 'விருந்து' என்னும் சொல்லுக்கே புதுமை என்பது பழம்பொருள். தொல்காப்பியம் அப்பொருளில் அதனை ஆள்கிறது. புதியவரையும் புதியதையும் ஒரே சொல்லால் வரவேற்ற மொழி நம்முடையது.

ஆகவே குற்றம் பந்தியில் இல்லை. பின் எங்கே இருக்கிறது?

அவ்வுணவகத்தில் தட்டுகளைக் கொணர்ந்தவர் லெபனான் நாட்டவர் அல்லர்; கட்வால் மலைப்பகுதியைச் சேர்ந்த இளைஞர். அவர் ஒவ்வொரு தட்டையும் வைக்கும்போது அதன் பெயரைச் சொல்லியே வைத்தார். 'அரபு ரொட்டி' என்றோ 'கடலைச் சட்னி' என்றோ அவர் சொல்லவில்லை. மனாகீஷ் என்றும் ஹும்முஸ் என்றும் திருத்தமாக உச்சரித்தார். நம் பிள்ளைகளும் அப்பெயர்களை ஒரு வேளையில் கற்றுக்கொண்டார்கள். மறுநாள் திங்கட்கிழமை. அலுவலகச் சிற்றுண்டிச் சாலையில் நாம் வரிசையில் நின்று என்ன கேட்டோம்? 'ஒரு சவுத் இந்தியன் தாலி' என்று கேட்டோம். நம் வாயால் நாமே கேட்டோம். அத்தட்டில் இருந்தது வற்றற்குழம்பா, மோர்க்குழம்பா, கூட்டா, பொரியலா என்று எவரும் சொல்லவில்லை, நாமும் வினவவில்லை.

இதனையே நாம் குற்றம் என்கிறோம்.

'ஹும்முஸ்' என்னும் அரபுச் சொல்லுக்குப் பொருள் என்ன? கொண்டைக்கடலை என்பதே. எந்த மறைபொருளும் இல்லை, அடுக்களைச் சொல். லெபனான் நாட்டின் பரப்பு 10,452 சதுரக் கிலோமீட்டர். தமிழ்நாட்டின் பரப்பில் பன்னிரண்டில் ஒரு பங்கிற்கும் குறைவு. அச்சிறு நாட்டு மக்களும் அவர்களுடைய அண்டை நாட்டாரும் தம் அடுக்களைச் சொல்லை உலகெங்கும் கொண்டுசென்று, எவருக்காகவும் மாற்றாமல் வழங்கியதால் இலண்டனிலும் நியூயார்க்கிலும் தில்லியிலும் கொண்டைக்கடலை விழுதிற்கு அதுவே பெயராக நிலைத்துவிட்டது. நாமோ நவராத்திரிச் சுண்டலை அண்டை வீட்டாருக்கு அளிக்கும்போது 'உபலா சனா' என்று சொல்லி அளிக்கிறோம். அவர்களுக்குப் புரிய வேண்டுமாம்! கட்வால் இளைஞர் ஃபத்தூஷ் என்று சொல்லக் கற்றார். பஞ்சாபி அண்டை வீட்டார் சுண்டல் என்று சொல்லக் கல்லாரோ? கற்பிக்க நமக்கு மனமில்லை என்பதே உண்மை.

லெபனான் மக்கள் இத்துணிவைப் பிறக்கும்போதே பெற்றுவந்தவர்கள் அல்லர். அவர்களும் நம்மைப்போலப் பிழைப்பிற்காகப் புலம்பெயர்ந்தவர்களே. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் லெபனான் மலைப்பகுதியின் பட்டுத் தொழில் நலிந்தபோது கப்பலேறினர். முதல் உலகப் போரின்போது அம்மலைப்பகுதியைப் பெரும்பஞ்சம் வாட்டியது, பல்லாயிரவர் மாண்டனர். 1975 முதல் 1990 வரை நீடித்த உள்நாட்டுப் போரின்போது மீண்டும் பலர் நாடு நீங்கினர். 2020 ஆகஸ்ட் 4 அன்று பெய்ரூட் துறைமுகத்தில் நேர்ந்த வெடிவிபத்திற்குப் பின்னும் வெளியேறினர். நம்மில் பெரும்பாலோர் பணிமாறுதல் ஆணையோடு புகைவண்டியேறி வந்தவர்கள். அவர்களுள் பலர் பசியோடும் பீதியோடும் கடல் கடந்தவர்கள்.

சென்ற இடத்தில் அவர்களுக்கு என்ன பெயர் கிடைத்தது? 'துருக்கியர்' என்னும் பெயர் கிடைத்தது! அக்காலத்தில் லெபனான் துருக்கிய உதுமானியப் பேரரசின் ஆட்சியில் இருந்தது. அவர்கள் கையிலிருந்த பயணச் சான்று அப்பேரரசுடையது. ஆகவே பிரேசில், அர்ஜென்டினா முதலிய தென்னமெரிக்க நாடுகளில் சிரியர், லெபனானியர், பாலஸ்தீனர் எல்லோரையும் 'துர்க்கோ' என்று ஒரே பெயரால் அழைத்தனர். எந்த அரசின் பிடியிலிருந்து விலகி வந்தனரோ அந்த அரசின் பெயரே அவர்கள் நெற்றியில் ஒட்டிக்கொண்டது. பிரேசில் நாட்டு நாவலாசிரியர் ஜார்ஜ் அமாடோ 1958இல் வெளியிட்ட 'கேப்ரியேலா' என்னும் நாவலில் நசீப் என்றொரு மதுச்சாலை உரிமையாளர் வருகிறார். சிரிய வழியினரான அவரைத் துருக்கியர் என்றழைத்தால் அவருக்குச் சினம் பொங்கும்.

தில்லித் தமிழருக்கு இக்கதையை விளக்கவும் வேண்டுமோ? 'மதராசி' என்னும் ஒரே பெயரால் தமிழர், தெலுங்கர், கன்னடர், மலையாளி என எல்லோரும் அழைக்கப்பட்ட ஊர் இது; இன்றும் அவ்வழைப்பு முற்றும் மறையவில்லை. அதுவும் ஆட்சியாளர் வகுத்த மாகாணத்தின் பெயரே. ஆயினும் நசீப்புக்குப் பொங்கிய சினம் நமக்குப் பொங்குவதில்லை. சிரித்துத் தலையாட்டிவிட்டு நகர்கிறோம்.

அவர்கள் அப்பெயரை எவ்வாறு களைந்தனர்? எழுத்தாலும் உணவாலும் களைந்தனர் என்று சொல்லலாம். 1920இல் நியூயார்க் நகரில் லெபனான், சிரியப் புலம்பெயர் எழுத்தாளர்கள் 'எழுதுகோல் கழகம்' என்று பொருள்படும் பெயரால் ஓர் அமைப்பைச் சீர்பெறச் செய்தனர். அதன் தலைவர் கலீல் கிப்ரான். செயலர் மிகாயீல் நுஐமா. லெபனான் மலையூரான பிஷர்ரியில் 1883இல் பிறந்து, சிறுவனாக அமெரிக்கா சென்ற கிப்ரானை நம் தமிழ் வாசகர் நன்கறிவர். தாய்நாட்டிலிருந்து பல்லாயிரம் கல் தொலைவில் கூடிய அச்சிறு கழகம், அரபு இலக்கியத்தின் போக்கையே மாற்றிற்று என்று இலக்கிய வரலாற்றாசிரியர் எழுதுவர். அயல் மண்ணில் அமைந்த மொழிச் சங்கம் என்ன செய்ய முடியும் என்று ஐயுறும் நம் சங்க அன்பர்கள் இதனை எண்ணிப் பார்க்க வேண்டும்.

உணவிலும் அவர்கள் உறங்கவில்லை. பிரேசிலில் 'கிப்பே' என்னும் அவர்களது பண்டம் இன்று தெருக்கடைதோறும் கிடைக்கும் சிற்றுண்டி. பெயர் சிறிதே திரிந்து அங்கும் அதுவாகவே வழங்குகிறது. 2008இல் லெபனான் தொழிலதிபர் சங்கத்தினர், ஹும்முஸ் தம் நாட்டிற்குரியது என்று ஐரோப்பிய ஒன்றியத்தில் உரிமை பெற வேண்டுமெனக் குரல் எழுப்பினர். 2010 மே மாதத்தில் பெய்ரூட்டினருகே சமையற்காரர் சுமார் 300 பேர் கூடி 10,452 கிலோ ஹும்முஸ் ஆக்கி உலக சாதனை நிகழ்த்தினர். நாட்டின் பரப்பு எத்தனை சதுரக் கிலோமீட்டரோ அத்தனை கிலோ! அச்செய்கையில் சிறுபிள்ளைத்தனம் உண்டென்பதை மறுக்கவில்லை. அதனடியில் ஓடிய உணர்வு சிறுபிள்ளைத்தனமானதன்று. 2023இல் மனாகீஷ் சுடும் மரபை யுனெஸ்கோ நிறுவனம் மானுடத்தின் பண்பாட்டு மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. தெருமுனை அடுப்பில் சுட்ட காலை ரொட்டிக்கு வந்த பெருமை அது.

இனி நம் நிலையை நோக்குவோம். பெயரின் அருமையை நம் இனம் அறியாததன்று. சென்னை மாநிலத்திற்குத் தமிழ்நாடு என்று பெயரிட வேண்டுமென்பது முதலிய கோரிக்கைகளை முன்வைத்து, விருதுநகரில் 1956 சூலை 27 அன்று உண்ணாநோன்பு தொடங்கினார் சங்கரலிங்கனார். அக்டோபர் 13 அன்று உயிர் நீத்தார். அப்பெயர் சட்டப்படி நடைமுறைக்கு வந்தது 1969 சனவரி 14 அன்று. இதே தில்லியில் நம் முன்னோர் பிள்ளைகளின் கல்விக்காகத் தொடங்கிய அமைப்பு முதலில் 'மதராசிக் கல்விக் கழகம்' என்றிருந்து, பின்னர் 'தில்லித் தமிழ்க் கல்விக் கழகம்' ஆயிற்று. ஒரு பெயருக்காக ஒருவர் உணவைத் துறந்தார். நாமோ ஒரு வேளை உணவு எளிதாகக் கிடைப்பதற்காகப் பெயரைத் துறக்கிறோம்.

அலுவலகத்தில் கோப்புகளோடு வாழ்பவர்கள் ஓர் உண்மையை அறிவர். பொருட்குறிப்பு எழுதப்படாத கோப்பை எவரும் கிழிப்பதுமில்லை, எரிப்பதுமில்லை. அது பதிவறையில்தான் கிடக்கும். தேடும்போது மட்டும் கிடைக்காது. பெயர் சொல்லப்படாத உணவின் நிலையும் அதுவே. 'சவுத் இந்தியன்' என்று மேலட்டை ஒட்டிய ஒரு கட்டினுள் கும்பகோணத்துக் கடப்பா, நெல்லைச் சொதி, கொங்கு நாட்டு அரிசிம்பருப்புச் சோறு, செட்டிநாட்டுக் கந்தரப்பம், சிதம்பரத்துக் கொத்சு ஆகிய எல்லாவற்றையும் திணித்துக் கட்டி வைத்துவிட்டோம். தில்லியில் பிறந்த நம் பிள்ளைகளுள் எத்தனை பேர் இப்பெயர்களைக் கேட்டிருப்பர்? பத்தியம் இருந்த நாளில் அம்மா வைத்த மிளகு ரசத்தைத் 'தக்காளி சூப்' என்று தோழர்க்கு அறிமுகப்படுத்தும் பிள்ளையை நாம் திருத்தியதுண்டா?

நம் பழம்பாடல்கள் இவ்வாறு செய்யவில்லை. சிறுபாணாற்றுப்படையைப் பாருங்கள். வள்ளல் நல்லியக்கோடனிடம் பரிசில் பெற்ற பாணன், வறுமையோடு எதிர்வரும் மற்றொரு பாணனுக்கு வழி சொல்கிறான். எயிற்பட்டினத்திற்குச் சென்றால் பரதவர் சுட்ட மீனோடு தேறல் தருவர் என்கிறான். வேலூரில் எயினர் புளிச்சோற்றை இறைச்சியோடு படைப்பர் என்கிறான். ஆமூரில் உழவர் வெண்சோற்றை நண்டுக் கலவையோடு இடுவர் என்கிறான். ஊரின் பெயர், மக்களின் பெயர், உணவின் பெயர் என மூன்றையும் பிணைத்தே சொல்கிறான். 'தென்னாட்டுச் சாப்பாடு கிடைக்கும், போ' என்று சொல்லவில்லை. பசித்தவனுக்குக்கூடப் பொத்தாம்பொதுவாகச் சோற்றைக் காட்டாத இலக்கியத்தின் வழிவந்தவர்கள் நாம்.

இங்கு எழக்கூடிய தடைகள் சிலவற்றிற்கு விடை கூறுதல் வேண்டும்.

'தென்னிந்தியர் என்னும் பொதுப்பெயர் நான்கு மொழியினரையும் ஒன்றுபடுத்துகிறதே, அதனைக் குலைக்கலாமா?' என்பர் சிலர். ஒன்றுபடுத்தவில்லை, ஒன்றாக்கி அழிக்கிறது என்பது நம் விடை. கன்னடத்து அண்டை வீட்டாரின் பிசிபேளேபாத்தும், ஆந்திர நண்பரின் கோங்குரா ஊறுகாயும், மலையாளத்து அன்பரின் அவியலும் அந்த ஒரே தாலியில்தான் பெயரிழக்கின்றன. நம் பெயரை நாம் சொன்னால் அவர்களும் தம் பெயரைச் சொல்வர். அப்போதுதான் அறிந்து நேசிக்க முடியும்.

'இட்லியே நமக்கு மட்டும் உரியதா?' என்பர் வேறு சிலர். அன்று. கி.பி. பத்தாம் நூற்றாண்டுக் கன்னட நூலாகிய வட்டாராதனையிலேயே 'இட்டலிகெ' பேசப்படுகிறது. ஹும்முஸும் லெபனானுக்கு மட்டும் உரியதன்று. பாலஸ்தீனரும் சிரியரும் அதனைத் தம்முடையதென்பர், அதில் நியாயமும் உண்டு. லெபனான் என்னும் பெயர்ப்பலகை அவர்களை மறைத்துவிடுகிறது என்ற குறையும் உண்மையே. அத்தவற்றை நாம் பின்பற்ற வேண்டுவதில்லை. எமக்கே உரியது என்று வழக்காட வேண்டா. எம் வீட்டில் இதற்கு இது பெயர் என்று சொன்னால் போதும். உரிமை கோருவது வேறு, பெயர் சொல்வது வேறு.

'வடவர் நாவில் நம் பெயர்கள் நுழையா' என்பது மூன்றாம் தடை. இட்லி, தோசை, வடை, சாம்பார் என்னும் நான்கும் எப்படி நுழைந்தன? டோசா என்றும் சாம்பர் என்றும் சிறிது திரிந்தாலும், தில்லியின் எந்தச் சந்திலும் அவை புரியும். உடுப்பியிலிருந்தும் தமிழகத்திலிருந்தும் வந்து இங்கு உணவகம் நடத்தியோர், பெயரை மாற்றாமல் பரிமாறியதன் பயன் அது. நான்கு பெயர்கள் கடந்த வாயிலில் ஐந்தாவது பெயர் நிற்பானேன்? நாம் அதனைக் கைப்பிடித்து அழைத்துச் செல்லவில்லை என்பதன்றி வேறு காரணமில்லை.

தாய்நாட்டில் இம்முயற்சி நடவாமலில்லை. பழநிப் பஞ்சாமிர்தமும் திருவில்லிபுத்தூர்ப் பால்கோவாவும் 2019இலும், கோவில்பட்டிக் கடலை மிட்டாய் 2020இலும், மணப்பாறை முறுக்கு 2023இலும் புவிசார் குறியீடு பெற்றன. ஊர்ப்பெயரும் பண்டத்தின் பெயரும் சட்டத்தின் ஏட்டில் ஒன்றாக ஏறின. அரசு செய்யக்கூடியது அவ்வளவே. அப்பெயரைப் பிள்ளையின் நாவில் ஏற்றுவது பதிவாளர் அலுவலகத்தின் வேலையன்று.

ஆகவே பெரியவர்களை நோக்கி நாம் சொல்வது இது. ஞாயிற்றுக்கிழமை லெபனான் பந்திக்குச் செல்லும் குடும்பத்தைத் தடுக்காதீர்கள். தடுத்தால் பிள்ளைகள் நாம் இல்லாதபோது செல்வார்கள். நம் உணவைத் தண்டனையாகவும் அயலுணவை விடுதலையாகவும் கருதத் தொடங்குவார்கள். உடன் செல்லுங்கள். சென்று, 'இது எள், இது கத்தரி, இது கொண்டைக்கடலை. இவற்றால் நாம் இன்னின்ன செய்வோம், அதற்கு நம் ஊரில் இன்ன பெயர்' என்று அம்மேசையிலேயே சொல்லுங்கள். பிள்ளைகள் வியப்போடு வாய் திறந்திருக்கும் இடம் அதைவிட வேறொன்று கிடைக்காது.

பெற்றோரை நோக்கிச் சொல்வது இது. அண்டை வீட்டாருக்குக் கிண்ணத்தில் கொடுத்தனுப்பும் எப்பண்டத்தையும் அதன் பெயரோடு அனுப்புங்கள். பிள்ளையின் மதிய உணவுப் பெட்டியைத் திறந்து 'இஃதென்ன?' என்று தோழன் கேட்டால், 'லெமன் ரைஸ்' என்று மழுப்பாமல் 'எலுமிச்சைச் சாதம்' என்று சொல்லப் பழக்குங்கள். கேலி செய்வார்கள் என்று அஞ்ச வேண்டா. தபூலேயைக் கேலி செய்தவர்களும் உலகில் இருந்திருப்பார்கள். இன்று அவர்கள் விலை கொடுத்து அதனை உண்கிறார்கள்.

சங்கத்தை நோக்கிச் சொல்வதும் உண்டு. பொங்கல் விழாவிலும் ஆண்டு விழாவிலும் விருந்து வைக்கிறோம். அழைப்பிதழில் 'அறுசுவை உணவு' என்று அச்சிடுகிறோம். பந்தியிலோ எந்தப் பண்டத்திற்கும் பெயர் இல்லை. வரும் விழா முதலாகப் பந்தியின் தலைப்பில் ஒரு பலகை வைப்போம். பண்டத்தின் பெயரையும் அஃது எவ்வூர் வழக்கு என்பதையும் தமிழிலும் இந்தியிலும் எழுதுவோம். ஓராண்டு தஞ்சை, மறு ஆண்டு கொங்கு, அதற்கடுத்து நெல்லை, மதுரை என்று பகுதிதோறும் சமைப்போம். அயல்மொழி நண்பர்களை மேடையில் மாலையிட்டு அனுப்பாமல் இலையில் அமர்த்துவோம். பரிமாறும் வேலையைப் பிள்ளைகளிடம் ஒப்படைத்து, பெயரைச் சொல்லியே பரிமாற வேண்டுமென்று விதிப்போம். சிறு செலவு, பெரும் பயன். பட்டிமன்றங்கள் பல நடத்தியும் கைகூடாதது ஒரு பந்தியில் கைகூடும்.

துருக்கியர் என்று அழைக்கப்பட்டவர்கள் தம் அடுக்களைச் சொற்களைக் கைவிடாமல், நூறாண்டுகளில் தம் பெயரை மீட்டுக்கொண்டனர். மதராசி என்று அழைக்கப்பட்ட நமக்குச் சொற்களுக்குப் பஞ்சமில்லை. வாய் திறக்கத்தான் பஞ்சம். அடுத்த முறை சிற்றுண்டிச் சாலை வரிசையில் நம் முறை வரும்போது, தட்டில் இருப்பது என்னவென்று கேட்டு, அதன் பெயரைச் சொல்லி வாங்குவோம். பின்னால் நிற்பவர் காதில் அது விழட்டும்.